கொட்டடியில் படித்த உப்பு ஆய்வு

எங்கள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வகம் என்பது பழைய தையல் வகுப்பு அறைதான். நான்கு நீள மேசைகள், இரண்டு குழாய்கள். அதில் ஒன்றில்தான் தண்ணீர் வரும். ஸ்பிரிட் விளக்கு இரண்டு பேருக்கு ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க என்னோடு அந்த விளக்கைப் பகிர்ந்துகொண்டவள் தங்கமணி.

பாபநாசத்துக்குத் தெற்கே, குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் அவளுடையது. கணக்கும் இயற்பியலும் அவளுக்குச் சுமார்தான். வேதியியலில் மட்டும் ஒரு பிடிப்பு. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"இதுலதான் ஒண்ணு செஞ்சா ஒண்ணு ஆவுது. அது கண்ணுக்குத் தெரியுது" என்றாள்.

அவள் அப்பா பஞ்சநதம் ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், குத்தகைக்குச் செய்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அதே நிலம். நிலத்துக்குச் சொந்தக்காரர் கும்பகோணத்தில் இருந்தார். அவர் இருந்தவரை பிரச்சினை இல்லை. அவர் காலமானதும் பிள்ளைகள் நிலத்தை எங்கள் பக்கத்து ரைஸ்மில்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். குத்தகை என்று எழுத்தில் எதுவும் இல்லை, யார் சாகுபடி என்று எழுதும் அடங்கலில் பஞ்சநதத்தின் பெயரும் இல்லை, அதனால் நிலத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார் மில்காரர். பஞ்சநதம் தன்னைக் குத்தகைதாரராகப் பதிவு செய்யச் சொல்லித் தஞ்சாவூரில் மனுப் போட்டார். மனு நடந்துகொண்டிருக்கும்போதே அந்த வருஷச் சம்பாவை வழக்கம்போல் நட்டார். பயிர் நன்றாக வந்தது.

1986 ஜனவரி இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத் தஞ்சாவூரில் அவருக்கு வாய்தா. முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார். மில்காரரும் அந்த நாளைத்தான் பார்த்து வைத்திருந்தார். காலை எட்டு மணிக்கு இரண்டு டிராக்டர் நிறைய வெளியூர் ஆட்கள் அரிவாளோடு வந்து இறங்கினார்கள். பின்னாலேயே போலீஸ் வேனும் வந்தது.

தங்கமணி பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தாள். நீலத் தாவணி கட்டி, ஒரு பக்கம் பின்னல் போட்டு முடித்திருந்தாள். அவள் அம்மா நாகம்மாள் வயலைப் பார்க்க ஓடினாள். மகளும் பின்னாலேயே ஓடினாள். தெருவிலிருந்து வேறு பெண்களும் வந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் வீட்டிலும் இதே மாதிரி எழுத்தில் இல்லாத குத்தகைதான். இன்றைக்குப் பஞ்சநதம் வயல் என்றால் நாளைக்குத் தங்கள் வயல் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெண்கள் விளைந்த பயிருக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார்கள். அறுக்க வந்தவர்கள் வரப்பில் நின்றார்கள். அவர்களும் கூலிக்கு வந்தவர்கள்தான். பெண்கள் மேல் அரிவாளை ஓட்ட அவர்களுக்கு மனமில்லை. சப்-இன்ஸ்பெக்டர் மூன்று முறை எழுந்திருக்கச் சொன்னார். நாகம்மாள் உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள்.

"நட்டது நாங்க, களை பறிச்சது நாங்க. அறுத்துக் களத்துல போடுறோம், பூட்டி வைங்க. கோர்ட்டு யாருக்குச் சொல்லுதோ அவங்க எடுத்துக்கட்டும்."

நியாயமாகத்தான் பேசினாள். ஆனாலும் பதினோரு பெண்களையும் வேனில் ஏற்றினார்கள். கடைசியாக ஏறியவள் தங்கமணி. கதவை இழுத்துச் சாத்தும்போது அவளுடைய வலதுகை ஆள்காட்டி விரல் இடுக்கில் மாட்டி நசுங்கியது.

ஸ்டேஷனில் பெயர் எழுதினார்கள். அத்துமீறி நுழைந்தது, அறுவடையைத் தடுத்தது, நெல்லைத் திருட முயன்றது என்று வழக்கு. தங்கமணியிடம் யாரும் வயசு கேட்கவில்லை. தாவணியைப் பார்த்தே 'இருபது' என்று எழுதிவிட்டார்கள். அவளுக்குப் பதினேழுதான். சாயங்காலம் மாஜிஸ்திரேட் பதினைந்து நாள் காவல் போட்டார். பதினோரு பேரும் திருச்சி ஜெயிலுக்குப் போனார்கள்.

செய்தி எங்கள் வகுப்புக்கு மறுநாள் வந்தது. என் அப்பா உரக்கடை வைத்திருந்தார். மில்காரரும் அவரிடம்தான் வாங்குவார், பஞ்சநதமும் அவரிடம்தான் வாங்குவார். "உனக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல. ஸ்கூலுக்குப் போனமா வந்தமான்னு இரு" என்று சொல்லிவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. மேசையில் விளக்கு எனக்கு மட்டும் என்றானது. பிப்ரவரி பதினொன்றாம் தேதி செய்முறைத் தேர்வு. ஐம்பது மார்க். அதற்கு வராதவர்கள் வேதியியலில் தேற முடியாது. திரும்ப வேண்டுமென்றால் அடுத்த வருஷம்தான்.

ஜெயிலில் நடந்ததை எல்லாம் பிறகு தங்கமணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரே நீண்ட கொட்டடியில் பதினோரு பேரையும் வைத்திருந்தார்கள். காலையில் கஞ்சி வரும். விரல் வீங்கிக் கறுத்திருந்தது. மூன்றாவது நாள் பஞ்சநதம் மாற்றுத்துணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். புத்தகம் கேட்கலாம் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அன்று மத்தியானம்தான் அம்மாவிடம் சொன்னாள்.

"பதினொண்ணாந்தேதி பிராக்டிகல்மா."

"அடுத்த மாசம் வெச்சு எழுத முடியாதா?"

"முடியாதும்மா. ஒரே தடவைதான்."

நாகம்மாள் மகளின் வீங்கிய விரலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ எம் பின்னால ஓடியாந்திருக்கக் கூடாதுடி" என்றாள். பிறகு இருவரும் அழுதார்கள்.

எதிர்வீட்டு ஜெயாவும் அவர்களோடு உள்ளே இருந்தாள். கல்யாணமாகி நான்கு வருஷம், வாய் துடுக்கு. அவள்தான் எழுந்து வந்தாள்.

"அழுதா கதவைத் தொறக்கப் போறானா? அந்தப் படிப்பு புஸ்தகம் இல்லாம வராதா? வாயால சொல்லு, நாங்க கேக்குறோம்."

"உங்களுக்குப் புரியாதுக்கா."

"புரியாட்டிப் போவுது. உனக்குப் புரியணும்ல."

உப்பு ஆய்வு என்பது எளிய விஷயம்தான், வரிசை மனப்பாடமாக இருந்தால். சிட்டிகை உப்பு கொடுப்பார்கள். அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொரு தொகுதியாகச் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் தொகுதியில் இல்லையென்றால் இரண்டாவது, அதிலும் இல்லையென்றால் மூன்றாவது. தங்கமணி சொல்லச் சொல்ல ஜெயா குறுக்கே கேள்வி கேட்டாள்.

"ஈயம்னா, பாத்திரத்துக்குப் பூசுவானே அதுவா?"

"அது வெள்ளீயம்க்கா. இது காரீயம்."

"சரி, நான்தான் காரீயம். என்மேல என்ன ஊத்துவ?"

"நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெள்ளையாப் படியும். வெந்நீர்ல கரைஞ்சிடும்."

"பொட்டாசியம்னு ஏதோ சொன்னியே?"

"பொட்டாசியம் அயோடைடு. அது ஊத்தினா மஞ்சளாப் படியும்."

"வெள்ளை, வெந்நீர், மஞ்சள். போ, அடுத்த ஆளுக்குச் சொல்லு."

இப்படித்தான் அது தொடங்கியது. பத்துப் பெண்களுக்கும் ஆளுக்கொன்று பிரித்துக் கொடுத்தாள். நாகம்மாள் அமோனியம் ஆனாள். "யூரியா மூட்டை நனைஞ்சு கெடந்தா மூக்கைத் தொளைக்குமே, அந்த நெடிதானே?" என்று அவளே கேட்டுக்கொண்டாள். ஒருத்தி தாமிரம், ஒருத்தி துத்தநாகம், ஒருத்தி கால்சியம். கடைசித் தொகுதியான மக்னீசியம் நீலாயதாட்சிக்கு வந்தது. அவள் விதவை, அதிகம் பேசாதவள். தன் முறை வருவதற்குள் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவாள்.

தினமும் காலைக் கஞ்சிக்குப் பிறகு ஜெயா ஒருத்தியை ரகசியமாகத் தேர்ந்தெடுப்பாள். அவள்தான் அன்றைய உப்பு. தங்கமணி வரிசையாகக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். எந்தக் கரைசலை எவ்வளவு ஊற்றுவது, சூடாக்க வேண்டுமா, என்ன நிறம் என்று முழுதாகச் சொன்னால்தான் பதில் வரும். விட்டுவிட்டுச் சொன்னால் "சூடு பண்ணலியே" என்று எதிரே இருப்பவள் பிடித்துவிடுவாள். "நான் இல்ல" என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டு வர, உரியவளிடம் வந்ததும் எல்லாரும் சிரிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அவர்கள். எந்த வயலில் எந்த வருஷம் எந்த ரகம் போட்டார்கள் என்று தலைக்குள்ளேயே வைத்திருப்பவர்கள். நான்கைந்து நாளில் தங்களுடையது மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவளுடையதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே, பஞ்சநதம் வக்கீலைத் தேடிப் பிடித்தார். ரெங்கசாமி என்று விவசாய சங்கத்துக்காரர்களுக்கு வழக்கு நடத்துபவர். வழக்குக் காகிதத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க பொண்ணுக்கு இருபதா?" என்பது.

"ப்ளஸ் டூ படிக்குதுங்க. எப்படிங்க இருபது ஆவும்?"

"அப்ப ஸ்கூல்லேர்ந்து வயசுச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. பதினெட்டு ஆகாத புள்ளைய அங்க வெச்சிருக்கக் கூடாது. அதையாவது முதல்ல வெளிய கொண்டாந்துடலாம்."

பஞ்சநதம் பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்று நான் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கத் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தலைமையாசிரியர் நல்லவர்தான், பயந்த மனிதர். மில்காரர் எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் முக்கியமான ஆள்.

"கேஸுன்னு வந்துட்டா ஸ்கூல் பேரும் அதுல வருங்க. யோசிச்சுச் சொல்றேனே" என்றார்.

பஞ்சநதம் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் வேதியியல் ஆசிரியர் முகம்மது யூசுப் உள்ளே இருந்தார். வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆனவர், இருபத்தைந்து வயசு. வகுப்பில் எங்களைத் திட்டுவதற்குக்கூடச் சங்கடப்படுவார். அவர்தான் பேசினார்.

"சார், ஹால் டிக்கெட்ல இருக்கிற பிறந்த தேதியத்தான் கேக்குறாங்க. அதை நாமதான் போர்டுக்கு எழுதி அனுப்பினோம். புதுசா நாம எதுவும் சொல்லப் போறதில்ல."

யூசுப் சார் தானே உட்கார்ந்து சான்றிதழை எழுதி, முத்திரையை எடுத்து முன்னால் வைத்தார். ஐந்து நிமிஷம் கழித்துத் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்த யூசுப் சார் என்னைப் பார்த்தார். "தங்கமணி ரெக்கார்டுல மூணு சோதனை பாக்கி இருக்கு. ரெக்கார்டு முடியாம உள்ள விட மாட்டாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று மாலை நான் அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போய், அப்பாவுக்குத் தெரியாமல் அவள் கையெழுத்து மாதிரியே சாய்த்து எழுதி மூன்று சோதனையையும் முடித்தேன். அவளுக்காக நான் செய்தது அது ஒன்றுதான். இன்னும் செய்திருக்கலாம்.

பத்தாம் தேதி மத்தியானம் விடுதலை உத்தரவு வந்தது, தங்கமணிக்கு மட்டும். மற்ற பத்துப் பேருக்கும் ஜாமீன் கிடைக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டபோது அவள் எழுந்திருக்கவில்லை.

"நீங்க எல்லாரும் உள்ள இருக்கறப்ப நான் மட்டும் எப்படிம்மா?"

நாகம்மாள் அவள் தலையைத் தன் கையாலேயே வாரிப் பின்னினாள். "நீ இங்க குந்தியிருந்து எங்களுக்கு என்ன செய்யப் போற? வீட்டுல அப்பாவுக்கு ஒரு வாய் சோறாக்க ஆளில்ல. போ" என்றாள். ஜெயா மட்டும் கதவு வரை வந்தாள். "வெள்ளை, வெந்நீர், மஞ்சள். மறந்துட்டு வந்தியோ, உள்ள விட மாட்டேன்."

திருச்சியிலிருந்து பஸ் மாறி மாறி வீடு வந்து சேர்ந்தாள். பதிமூன்று நாளாக வயலைப் பார்க்காதவள், வழியில் அதைப் பார்த்தாள். ஐந்து மாவும் அறுத்துத் வெறும் அரிதாளாகக் கிடந்தது. அவர்களைக் கொண்டுபோன மறுநாளே அறுத்து ஏற்றிப் போய்விட்டார்கள் என்று பஞ்சநதம் சொன்னார்.

மறுநாள் அவள் ஆய்வகத்துக்குள் வந்தபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். இளைத்திருந்தாள். விரலில் துணி சுற்றியிருந்தது. யூசுப் சார் ரெக்கார்டு நோட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தார். அவள் புரட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். தங்கமணியுடையது வெள்ளை உப்பு. வெள்ளையாக இருந்தால் கஷ்டம். நீலமோ பச்சையோ என்றால் பாதி தெரிந்துவிடும். பேரியம் குளோரைடு ஊற்றினாள், வெள்ளை வீழ்படிவு; அமிலத்தில் கரையவில்லை. சல்பேட். அது சீக்கிரமே வந்துவிட்டது. மற்ற பாதிதான் வரவில்லை. அமோனியம் இல்லை. முதல் தொகுதி இல்லை. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து எதிலும் ஒன்றும் படியவில்லை. ஒவ்வொரு குழாயும் தெளிந்த தண்ணீராக நின்றது. பக்கத்தில் நாங்கள் எல்லாம் முடித்து எழுதிக்கொண்டிருந்தோம். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருத்தியும் "நான் இல்ல" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள் என்று பின்னால் சொன்னாள். கடைசித் தொகுதியில் குழாயின் உள்பக்கத்தைக் கண்ணாடிக் குச்சியால் உரசினாள். சிறிது நேரம் கழித்து மெல்ல வெள்ளையாக இறங்கியது. மக்னீசியம் சல்பேட். அவள் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

அடுத்தது பெர்மாங்கனேட் தரம்பார்த்தல். அதில்தான் விரல் காலை வாரிவிட்டது. பிப்பெட்டில் வாயால் உறிஞ்சி, மேல் முனையை ஆள்காட்டி விரலால் அடைக்க வேண்டும். வீங்கிய விரல் அடைக்கவில்லை. கரைசல் நழுவிக்கொண்டே இருந்தது. இடது கைக்கு மாற்றினாள், பழக்கமில்லை. பியூரெட்டிலிருந்து கடைசிச் சொட்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இளஞ்சிவப்பைத் தாண்டிப் போனது. இரண்டு முறையாவது ஒரே அளவு வர வேண்டும்; அவளுக்கு மூன்று அளவும் மூன்று விதமாக வந்தன. எங்களில் பலர் அந்த இடத்தில் ஒரே எண்ணை இரண்டு முறை எழுதிவிடுவோம். அவள் வந்ததை வந்தபடி எழுதினாள்.

"கைக்கு என்னம்மா?" என்று தேர்வாளர் கேட்டார்.

"வேன் கதவு சார்."

"பாத்து ஏற வேணாமா" என்று சொல்லிவிட்டு அவர் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் பதில் சொன்னாள். முப்பத்தொன்பது மார்க் வந்தது.

மற்ற பெண்களுக்குக் காவலை நீட்டிவிட்டார்கள்; அவர்கள் பிப்ரவரி இருபதாம் தேதிக்கு மேல்தான் வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஜெயா கேட்டது, "யாரு வந்தா?" என்றுதான். தங்கமணி நீலாயதாட்சியைக் காட்டினாள். நீலாயதாட்சிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெட்கப்பட்டாள்.

தங்கமணி தேறினாள். கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. வேதியியல் சேர்ந்தாள். நான் வேறு ஊரில் பி.காம். சேர்ந்துவிட்டேன். வழக்கு மூன்று வருஷம் இழுத்தது. சிறுமி என்று வெளியே விட்டார்களே ஒழிய, வழக்கிலிருந்து அவள் பெயரை எடுக்கவில்லை. வாய்தாவுக்கு வாய்தா கல்லூரியில் விடுப்புச் சொல்லிவிட்டு, அந்தப் பத்துப் பேரோடு கோர்ட்டு வாசலில் வந்து உட்காருவாள். கடைசியில் அறுக்க வந்த வெளியூர் ஆட்கள் ஒருவரும் சாட்சி சொல்ல வரவில்லை, வழக்கு தள்ளுபடியானது. நிலத்தகராறு அதற்குப் பிறகும் நடந்தது. எல்லா இடத்திலும் முடிவதுபோல் பேச்சுவார்த்தையில் முடிந்தது: மூன்று மா மில்காரருக்கு, இரண்டு மா பஞ்சநதத்தின் பெயருக்குப் பட்டா. அவர் அதில் சந்தோஷப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பட்டாவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

1992இல் தங்கமணிக்கு நாகப்பட்டினத்தில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை உத்தரவு வந்தது. சேருமுன் போலீஸ் விசாரணை. பழைய வழக்கு அதில் தலைகாட்டியது. காகிதங்களைப் பார்த்த எழுத்தர் இரக்கமுள்ளவர். மெதுவாகச் சொன்னார்.

"இதுல இருக்கிற தங்கமணிக்கு உங்களை விட மூணு வயசு கூட. அப்பா பேரும் பஞ்சாட்சரம்னு தப்பா இருக்கு. அது வேற ஆளுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. இன்னிக்கே முடிச்சிடலாம்."

தீர்ப்பு நகல் அவள் பையில்தான் இருந்தது. ஆனால் அதைக் கொடுத்தால் மேலே போய், சுற்றி, எப்போது திரும்பி வருமோ தெரியாது. அப்பாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை.

"நான்தான் சார் அது. அன்னிக்கு நான் அங்க இருந்தேன்" என்றாள்.

ஏழு மாதம் கழித்துத்தான் வேலையில் சேர முடிந்தது. நான் அதைக் கேள்விப்பட்டபோது அவளிடம் கோபித்துக்கொண்டேன். எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்றேன். "எழுதலாம்தான். வராத அளவை எழுதுற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் அதே வேலை. கடலோர ஊர்களுக்குப் போவாள். ஆழ்குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து உப்பு எவ்வளவு என்று பார்ப்பாள். குடிக்க ஆகாது என்று எழுதும்போது ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வேறு தண்ணீருக்கு எங்கே போவது என்பார்கள். அவர்களுக்காகக் கலெக்டர் ஆபீஸ் வரை நடந்தாள். மூன்று ஊர்களுக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வர அவளுடைய அறிக்கைகளும் ஒரு காரணமாயின. மற்ற ஊர்களுக்கு இன்னும் வரவில்லை. கல்யாணம் செய்துகொண்டாள், ஒரு பெண். அந்தப் பெண் கணக்குப் படிக்கிறாள். வேதியியல் அவளுக்குப் பிடிக்காது.

போன மாசி மாதம் நாகப்பட்டினத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பஞ்சநதம் இறந்த பிறகு நாகம்மாள் மகளோடுதான் இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டது. காது மந்தம், பேச்சு மட்டும் குறையவில்லை. இந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, துவரம்பருப்பைக் காலையில் ஏற்றினால் மத்தியானம் வரை கல்லாகவே கிடக்கிறது என்று என்னிடம் புகார் சொன்னாள். தங்கமணி அடுப்படியிலிருந்து, "குக்கர்லதானம்மா வைக்கிறோம், மூணு விசில்ல வெந்துடுது" என்றாள்.

"உனக்கு வெந்துடும்" என்றாள் நாகம்மாள். பிறகு எனக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றச் சொன்னாள்.